சாவிக்காரர் குடை

…அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். குடைன்னா குடைதானே? சின்னக் குடைய உள்ள விடுவாராம், பெரிய குடைய விடமாட்டாராம். கீழ வாசல்ல தொப்பி போட்டு நிக்கிறாரே காவலாளி, அவர்தான். "என்னம்மா, போர்வைய சுத்தி ஆளையா தூக்கிட்டு வர்றீங்க"ங்கறாரு. ஆளா இருந்தா அது பாட்டுக்கு நடந்து வந்திருக்குமேய்யா, நான் ஏன் சுமக்கணும்னேன். சிரிக்கிறாரு. சிரிச்சு முடிச்சுட்டு, ஓரமா சாத்தி வச்சுட்டுப் போங்கங்கறாரு. ஓரமா சாத்தறதுக்கா நான் இதோட பஸ் ஏறினேன்? ஏறும்போதே கண்டக்டர்கிட்ட பாட்டு வாங்கியாச்சு. இதுக்கு ஆளு டிக்கெட் போடறதா, சாமான் டிக்கெட் போடறதான்னு அந்த மனுஷன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு. நல்லவேளை.

கொஞ்சம் தள்ளிக்கங்க தம்பி, காம்பு உங்க முட்டியில இடிக்குது. லிஃப்டுக்குள்ளயும் இது போகல. மாடிப்படியிலதான் ஏறி வந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் இத சாய்ச்சு, நிமித்தி, சாய்ச்சு… பீரோ ஏத்துற மாதிரி.

நீங்களும் விசாரணைக்கா? சரி, சொல்ல வேண்டாம். இந்த பெஞ்சுல உக்காந்தா யாருக்கும் வாய் வராது. ஒண்ணு போலீஸ் மேல புகார் சொல்ல வந்தவங்களா இருப்பாங்க, இல்ல புகார் வாங்கின போலீஸா இருப்பாங்க. மூஞ்சியப் பாத்து பிரிக்க முடியல. ரெண்டு பேருமே வயித்துவலிக்காரங்க மாதிரிதான் உக்காந்திருக்காங்க.

நானா? நான் சாப்பாடு கொண்டு வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு. உள்ள இருக்காரு, அந்த மங்கல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி. போலீஸ்தான். காலையில பச்சைத்தண்ணி கூட பல்லுல படல. உடுப்ப அவரே தேச்சுக்கிட்டாரு. ஷூவுக்குப் பாலிஷ் போட்டாரு, துடைச்சாரு, மறுபடி போட்டாரு. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கல. பதவி உயர்வுப் பட்டியல்ல பேரு இருக்கு தம்பி. அடுத்த மாசம் ஸ்டேஷனுக்கே ரெண்டாவது ஆளா ஆகணும். அவர் மேல வந்திருக்கிற புகார் நிஜம்னு ஆயிடுச்சுன்னா பேரு போச்சு. அந்தக் கவலை அவருக்கு. எனக்கு… இருங்க, சொல்றேன்.

ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. உங்க சட்டையில மூணாவது பொத்தான் வீட்ல தச்சதா? மத்தது எல்லாம் கடல் பச்சை நூலு, அது மட்டும் பாசிப் பச்சை. அட, ஃபைல வச்சு மறைக்காதீங்க, யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அது என் தலையெழுத்து. நூல் கடையில வேலை பாக்குறேன். நூலு, பொத்தான், ஜிப்பு, லேசு. துணியோட ஒரு மூலையக் கிள்ளிக் கொண்டாந்து நீட்டினா போதும், அதுக்குண்டான நூல்கண்டுகிட்ட என் கை தானா போயிடும். முதலாளிக்கே சந்தேகம் வந்தா, "அக்கா, இது பச்சையா நீலமா"ன்னு என்கிட்டதான் கொண்டு வருவாரு. மயில் கழுத்து நிறம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல ஆம்பளைங்க அத்தனை பேரும் குப்புற விழுந்துடுவாங்க.

எங்க விட்டேன்… ஆங், புகாரு. இதுக்கெல்லாம் மூல காரணம் எங்க வீட்டு மகாராணிதான். ஒரே பொண்ணு. கம்ப்யூட்டர் படிச்சா. படிச்ச பொண்ணுங்க என்ன பண்ணும்? கண்ணாடிக் கட்டடத்துல வேலைக்குப் போகும். இவளும் போறா. போயிட்டு வந்து சாயந்தரமானா கூட்டாளிங்களக் கூட்டிக்கிட்டு எங்க முன் ரூமுல உக்காந்து போலீஸ் கணக்கத் தோண்டுறா. போலீஸ்காரன் வீட்டுல, போலீஸ்காரன் கட்டுற இன்டர்நெட்ல, போலீஸ்காரன் வாங்கிப் போட்ட மேசையில. தரையெல்லாம் ஒயரு. பெருக்க முடியல, துடைக்க முடியல. அந்த ரூம நான் பெருக்கினா ஊருல பாதிப்பேருக்கு வெப்சைட் நின்னுடும்ங்கறா.

என்ன வெப்சைட்டா? சொல்றேன் கேளுங்க. போலீஸ் யார வழியில நிறுத்தினாங்க, எதப் பறிமுதல் பண்ணினாங்க, எந்த அதிகாரி மேல என்ன புகார் வந்துச்சு, அந்தப் புகார் உசுரோட இருக்கா செத்துப்போச்சா… இதெல்லாம் ஸ்டேஷன்ல எழுதி வைக்கிறாங்கல்ல? அது பொது ஆவணமாம். கேட்டா குடுத்தே ஆகணுமாம். இத்தனை வருஷமா யாரும் கேக்கலையாம், அதனால அவங்களும் குடுக்கலையாம். இதுங்க மனு போட்டு கேட்டுச்சுங்க. வந்துச்சு பாருங்க காகிதம், மூட்டை மூட்டையா. ஒண்ணு தலைகீழா நகல் எடுத்திருக்கு, ஒண்ணுல டீ கொட்டியிருக்கு, ஒண்ணுல எவரோ ஒருத்தரோட கட்டைவிரலு பாதிப் பக்கத்த மறைச்சுக்கிட்டு நிக்குது. இதுங்க ஒவ்வொண்ணா உக்காந்து தட்டி, மேப்புல ஏத்தி, யார் வேணும்னாலும் தெரு பேரப் போட்டுப் பாக்கலாம்னு ஆக்கி வச்சிருக்குதுங்க.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அதுல பாதி வேலை எங்க வீட்டுக்காரர் செஞ்சது. ஸ்டேஷன்ல எழுதுறவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமாம், பசங்களுக்கு ஒரு எழுத்தும் புரியல. இவர்தான் பனியனோட வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு, "இது நாலு இல்லம்மா, ஒம்பது. அவன் ஒம்பதுக்கு வால் போட மாட்டான்"னு படிச்சுப் படிச்சுக் குடுத்தாரு. ஸ்டேஷன்ல எல்லார்கிட்டயும் போன நீட்டிக் காட்டுவாரு, என் பொண்ணு செஞ்சதுன்னு. அவங்க பாத்துட்டு சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம… அந்தப் பெருமையிலதான் இவர் மிதந்துக்கிட்டு இருந்தாரு. தன் வாலு எங்க மாட்டியிருக்குன்னு தெரியாம.

ஏன் தம்பி தள்ளித் தள்ளிப் போறீங்க? குடைக்கு இடம் விடுறீங்களா? நல்ல மனசு. இருங்க, நானும் நகர்ந்துக்கறேன்.

இந்தக் குடைதான் தம்பி வாலு.

எங்க கடைக்கு எதிர்த்தாப்ல நடைபாதையில ஒரு சாவிக்காரர் உக்காந்திருப்பாரு. பூட்டு, சாவி, சூட்கேஸ் ஜிப்பு, எல்லாம் பாப்பாரு. ஒரு நாளு எவரோ பெரிய மனுஷர் அந்த வழியா காருல போகப்போறாருன்னு நடைபாதையக் காலி பண்ணச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அங்க டூட்டி. மத்தவங்க எல்லாம் சட்டுனு சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இவர் கையில வேலை, பாதி அறுத்த சாவி. ஒரு நிமிஷம் ஐயா, ஒரு நிமிஷம் ஐயான்னு சொல்லியிருக்காரு. நம்ம ஆளுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் ஆகாது. குடையப் பிடுங்கிட்டாரு. பறிமுதல். அந்தப் பெரிய மனுஷர் கடைசியில அந்த வழியா வரவே இல்லங்கறது வேற கத.

சரி, பிடுங்கினீங்க. சட்டம் என்ன சொல்லுது? ரசீது குடுக்கணும், ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், கணக்குல ஏத்தணும். இது எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க வீட்டு மகாராணி சோத்துத் தட்டுக்கு முன்னாடி தினமும் இததான் ஓதுவா. நம்ம ஆளு என்ன பண்ணினாரு? ஸ்டேஷனுக்கு எடுத்துக்கிட்டு நடந்திருக்காரு. மழை பிடிச்சுக்கிச்சு. கையில குடை இருக்கு. விரிச்சாரு. நடந்தாரு. வழியில வீடு வந்துடுச்சு. நாளைக்கு சேத்துடறேன்னாரு. எல்லா 'நாளை'யும் போல அந்த 'நாளை'யும் வரல.

பால்கனியில விரிச்சு வச்சா, அடடா, என்ன நிழலுங்கறீங்க. லீவு நாளுல அதுக்கடியில கால நீட்டிக்கிட்டு பேப்பர் படிப்பாரு. பொய் சொல்லக்கூடாது, நானும் அதுக்கடியில உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன். யாரு குடைன்னு கேட்டா, ஸ்டேஷன் குடைன்னாரு. ஸ்டேஷனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய குடைன்னு கேக்க எனக்குத் தோணல. நிழல்ல உக்காந்தா கேள்வி வராது தம்பி.

ஒரு நாளு ஒட்டடை அடிக்க மேல பாத்தேன். இருங்க, இந்தப் போர்வைய இப்படி விலக்கறேன்… பாருங்க, இங்க. இந்த ஒட்டு. இந்த நூலப் பாத்தீங்களா? மாதுளம்பழத் தோல் நிறம். குடை வெளுத்து வெளுத்து ஒரு மாதிரி ஆயிடுச்சு, புது சிவப்புப் போட்டா திட்டுத்திட்டா தெரியும்னு நான் தேடித் தேடி எடுத்துக் குடுத்த நூலு. என் கையால. அந்த சாவிக்காரருக்கு. "எவ்வளவு பொருத்தமா எடுத்தீங்கக்கா, கிழிஞ்சதே தெரியல"ன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போனாரு. தலைக்கு மேல அந்தத் தையல் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஒட்டடைக் குச்சியக் கீழ வச்சுட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போறேன், அன்னைக்குத்தான் அவர நின்னு கவனிக்கிறேன். வெயில்ல உக்காந்திருக்காரு, தலையில அட்டைப்பெட்டி மூடிய வச்சுக்கிட்டு. சாவி அறுக்கக் குனிஞ்சா அது விழுது. எடுத்து வைக்கிறாரு, குனியறாரு, விழுது. குடை எங்கன்னு கேட்டேன். "காத்துல போயிடுச்சுக்கா"ங்கறாரு. என் முகத்தப் பாக்காம. நான் யார் பொண்டாட்டின்னு தெரியும்ல அவருக்கு. அந்த மாசம் பூரா ஒரு இலை அசையல தம்பி. என்ன காத்து?

வீட்டுக்கு வந்து சொன்னேன். குடுத்துடுங்கன்னேன். குடுக்கலாம் குடுக்கலாம்னாரு. எப்பன்னேன். இப்பப் போய் குடுத்தா நான் எடுத்தது தப்புன்னு ஆயிடும்லங்கறாரு. தப்புதானேன்னேன். பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டாரு. கெட்டவர் இல்ல. ராத்திரி கதவத் தட்டினா எழுந்து ஓடுற மனுஷன். தொலைஞ்ச குழந்தைய தோள்ல தூக்கிக்கிட்டு தெருத்தெருவா அம்மாவத் தேடினவரு. ஆனா 'தப்புதான்'ங்கற வார்த்தை அவர் வாயில முளைக்காது. எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தண்ணி ஊத்திப் பாத்துட்டேன்.

நான் என்ன பண்ணியிருக்கலாம்ங்கறீங்க? நானே தூக்கிட்டுப் போய் குடுத்திருக்கலாம். அதானே? அதையும் யோசிச்சேன். அந்த சாவிக்காரர் வாங்குவாரா? ஐயா பொண்டாட்டி குடுத்துச்சு, நாளைக்கு ஐயா வந்து மறுபடி பிடுங்குவாருன்னு கையாலகூட தொட மாட்டாரு.

அப்பதான் பாருங்க எங்க மகாராணி ஒரு வேலை வச்சா. வெப்சைட்ல புதுசா ஒரு பக்கம். 'உங்க பொருள எடுத்தாங்களா? ரசீது இல்லையா? இங்க சொல்லுங்க.' சொன்னா நேரா இந்த ஆபீசுக்கு வந்து சேந்துடும். பேரு வெளிய தெரியாது, விசாரணைக்கு ஒரு நம்பர் மட்டும் போனுக்கு வரும். அத யாராவது பயன்படுத்திப் பாக்கணுமாம். "அம்மா, கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு இது புரியுதான்னு பாக்கணும், நீதான் சரியான ஆளு"ங்கறா. பெத்த அம்மாவப் பாத்து. "பொய்யா எதையாவது போடும்மா. யானைய எடுத்துட்டாங்க, ரயில எடுத்துட்டாங்கன்னு எதையாவது." ரெண்டு பக்கம் திறந்து குடுத்தா. ஓரத்துல இளம்பச்சைப் பட்டை இருந்தா அது பழகிப் பாக்க. மயில் கழுத்து நிறப் பட்டை இருந்தா அது நிஜம், தொடாதேன்னுட்டு டீ போடப் போயிட்டா. பச்சைக்கும் மயில் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத பசங்கதான் அத வரைஞ்சதுங்க. எல்லாருக்கும் குழம்பும்னு அப்பவே சொன்னேன்.

எனக்குப் பொய் வரல தம்பி. யோசிச்சுப் பாத்தேன். யானைய எப்படி எடுத்துட்டுப் போவாங்க, எங்க கட்டுவாங்க… மனசு ஒட்டல. கை தானா தட்டிடுச்சு. குடை. பெரிசு. மாதுளை நிறம் வெளுத்தது. ஓரத்துல ஒட்டு. தெரு பேரு, எடுத்த அதிகாரி எண்ணு. அந்த எண்ணு எனக்கு மனப்பாடம், எத்தனை வருஷமா அந்த உடுப்பத் துவைக்கிறேன்.

ஆமா. நான்தான். அப்படிப் பாக்காதீங்க. வாய மூடுங்க, ஈ போயிடும்.

அப்புறம் ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டே போன்ல அந்த வெப்சைட்டப் படிக்கிறாரு. "பாரேன், எவனோ ஒரு கூறுகெட்டவன் குடைக்கெல்லாம் புகார் குடுத்திருக்கான்"னு சிரிக்கிறாரு. அடுத்த வரி படிக்கிறாரு. தெரு வருது. அடுத்த வரி. எண்ணு வருது. கையில எடுத்த கவளம் அப்படியே நிக்குது. நான் தண்ணி ஊத்தினேன். டம்ளர் நிறைஞ்சு, வழிஞ்சு, மேசையில ஓடி, அவர் மடியில சொட்டுது. ரெண்டு பேருக்கும் தெரியல.

அன்னைக்குப் பிடிச்சுது சனி. எழுதினவன் யாருன்னு தேடுறாரு. மாடி வீட்டுக்காரர் நம்ம பால்கனிய எட்டிப் பாப்பாருல்ல, அவன்தான்னு முடிவு பண்ணி அவரோட பேச்ச நிறுத்திட்டாரு. அந்த அப்பாவி எதிர்ல வந்து வணக்கம் வைக்கிறாரு, இவர் சுவத்தப் பாக்குறாரு. பொண்ணுகிட்ட, எடுத்துடுன்னாரு. "அப்பா, ஊருல எல்லார் அப்பாவுக்கும் ஒரு கணக்கு, என் அப்பாவுக்கு ஒரு கணக்கா? நீங்கதானே ஒம்பதுக்கு வால் இல்லன்னு சொல்லிக் குடுத்தீங்க"ன்னா. இவரு எழுந்து போயிட்டாரு. அன்னைக்கே குடையச் சுருக்கி பரண்ல போட்டுட்டாரு.

இந்த ஆபீஸ்லேருந்து ஆளு போய் சாவிக்காரரக் கேட்டிருக்காங்க. அவர் என்ன சொல்லுவாரு? காத்துல போயிடுச்சுங்கய்யா, போலீஸ் ஐயா ரொம்ப நல்லவருங்கய்யா. முடிஞ்சுது கத. புகார் குடுத்தவங்க இன்னைக்கு நேர்ல வந்து நிக்கலன்னா ஃபைல மூடிடுவாங்க. நேத்து ராத்திரி இவருக்கு ஒரே உற்சாகம். "வரமாட்டான். அவனுக்கு ஏது அவ்வளவு தைரியம்"ங்கறாரு, எனக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு.

பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. சமையல்கட்டுக்கு வந்து மெதுவா, "அம்மா, உனக்கு நிறம் குழம்பிடுச்சு. பழகுற பக்கம்னு நினைச்சு நிஜத்துல போட்டுட்ட. என் தப்புதான், நான் பக்கத்துலயே இருந்திருக்கணும்"னு கண்ணு கலங்குறா. ஒரு கடிதாசும் தட்டிக் குடுத்திருக்கா. தெரியாம அனுப்பிய பரிசோதனை, மன்னிக்கவும்னு. கீழ நான் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, என் நம்பரும் போச்சு, புகாரும் போச்சு, அவர் பேரு பட்டியல்ல அப்படியே நிக்கும். சாயந்தரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். எவ்வளவு சுலபம் பாருங்க.

அந்தக் கடிதாசா? இந்தப் பையிலதான் இருக்கு. சாப்பாட்டு டப்பா எண்ணெய் கசியுதுன்னு அடியில மடிச்சு வச்சிருக்கேன்.

இல்ல தம்பி, என்னைப் பெரிய வீராங்கனைன்னு நினைச்சுடாதீங்க. இன்னைக்குக் காலையில பரண்லேருந்து இத இறக்கும்போதுகூட, ஒரு வேளை கீழ விழுந்து உடைஞ்சுடுச்சுன்னா நல்லாருக்கும்னு ஒரு நினைப்பு ஓடுச்சு. உடையல. நல்ல குடை. நாளைக்கு வீட்ல என்ன நடக்கும்? பேச மாட்டாரு. பேப்பரத் தூக்கிப் பிடிப்பாரு. பிடிக்கட்டும். பேப்பருக்கு இந்தப் பக்கம் நான்தானே இருக்கேன், எவ்வளவு நாள் தூக்கிப் பிடிப்பாரு, கை வலிக்காதா? அவர் வாயால ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லட்டும். எடுத்தேன், குடுக்கல, தப்புன்னு. அவ்வளவுதான். அந்த சாவிக்காரர் காதுல விழற மாதிரி. அப்புறம் அவங்க என்ன முடிவு பண்ணினாலும் நான் அவர் பக்கத்துலதான் நின்னு சாப்பாடு போடுவேன்.

கதவு திறக்குது… நம்பர் சொல்றாங்க. என்ன நம்பர் சொன்னாங்க? என் நம்பர்தான். "புகார் கொடுத்தவங்க வந்திருந்தா உள்ள வாங்க." வந்திருக்கேன்யா, வந்திருக்கேன். குடையோட வர்றேன், கொஞ்சம் பொறுங்க.

அட, நீங்களும் எழுந்துட்டீங்களா? நழுவப் பாக்குறீங்கன்னு நினைச்சேன், நல்லதாப் போச்சு. அந்த முனையப் பிடிங்க. நிமித்திப் பிடிச்சா கதவுல இடிக்கும், படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும். ஃபைல கக்கத்துல வச்சுக்கங்க. ஆங், அப்படித்தான். போர்வைய உருவிடுங்க. பாக்கட்டும். நுழையும்போதே பாக்கட்டும்.

இந்தப் பையும் உங்ககிட்டயே இருக்கட்டும். முதல்ல அவர் வெளிய வந்தா சாப்பாடு இதுல இருக்குன்னு சொல்லுங்க, டப்பாவ நிமித்திப் பிடிக்கச் சொல்லுங்க, கொட்டிடுவாரு. வேற எதுவும் நீங்க சொல்ல வேண்டாம், அத நானே சொல்லிக்கறேன்.

ஒண்ணு மட்டும் உங்களுக்கு. உங்க மூணாவது பொத்தான் கடல் பச்சையா பாசிப் பச்சையான்னு இந்த இருட்டு வராந்தாவுலயே சொன்னேனா இல்லையா? எனக்குப் போய் நிறம் குழம்புமா தம்பி?

குனிஞ்சுக்கங்க, தலையில இடிக்கும்.